தெளிந்த நீரும் உயிருள்ள நீரும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் இலக்கியம் பேசுவோர் உண்டு. இசை பேசுவோர் உண்டு. மீனைப் பற்றிப் பேசுவதற்காக ஒருவன் ஏறியிருப்பது இதுவே முதல் முறை என்று செயலாளர் கூறினார். நாம் வாழ்வதோ வங்காளத்தின் தலைநகரில். "இன்று மீனைப் பற்றிப் பேசப் போகிறேன்" என்று என் வங்காள நண்பர் ஒருவரிடம் சொன்னேன். "கடுகு அரைத்து விட்டதா, தயிர் விட்டதா?" என்று கேட்டார். சமையலுக்கும் என் பேச்சுக்கும் தொடர்பில்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில், சுவரோரமாக, 1997ஆம் ஆண்டு முதல் இருந்து வரும் ஒரு கண்ணாடித் தொட்டியைப் பற்றியே பேசப் போகின்றேன். காலனியில் பலர் அதைப் பார்த்திருக்கின்றீர்கள். மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். ஏறத்தாழ நூறு லிட்டர் நீர் கொள்ளும். அதனுள் பாதிக்கு மேல் செடிகள். செடிகளுக்கிடையே சில சிறு மீன்கள். அவ்வளவே.

இத்தனை ஆண்டுகள் ஒரு தொட்டி நிலைத்ததற்கு என் திறமை காரணம் என்று எவரும் எண்ணிவிடலாகாது. தொடக்கத்தில் நான் செய்த பெரும் பிழை ஒன்றே எனக்கு ஆசானாயிற்று. அதனை முதலிற் சொல்லி விடுகின்றேன்.

1996இல் பணி மாற்றத்தின் காரணமாகக் குடும்பத்தோடு இந்நகருக்கு வந்தேன். மொழி தெரியாது, அக்கம்பக்கம் பழக்கமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பாக்பஜார் அருகே காலிஃப் தெருவில் கூடும் சந்தைக்குச் செல்லும் வழக்கம் எனக்கு அங்ஙனமே உண்டாயிற்று. செடி, மீன், பறவை என்று ஆசைக்காக வளர்ப்பவை எல்லாம் விற்கும் அந்த இடத்தை வங்காளிகள் 'சக்கேர் ஹாட்' என்பர். ஆசைச் சந்தை என்று நாம் சொல்லலாம். அங்கே வாங்கிய தொட்டியில் சரளைக் கல்லும் சில மீன்களும் இட்டு வைத்தேன். என் மகளுக்கு அவை உயிர். ஒவ்வொன்றுக்கும் பெயரிட்டிருந்தாள்.

1999ஆம் ஆண்டுக் கோடையில், அவள் பிறந்த நாளைக்கு உறவினர் வருகின்றனர் என்று, தொட்டியைப் பளிச்சென்று ஆக்கிவிட நினைத்தேன். நீர் முழுவதையும் வெளியேற்றினேன். சரளைக் கற்களைக் குழாய் நீரில் ஏழெட்டு முறை அலசினேன். வடிகட்டியின் பஞ்சில் படிந்திருந்த பழுப்பு நிறத்தைத் தேய்த்துத் தேய்த்துப் போக்கினேன். கண்ணாடியைத் துடைத்து, குழாய் நீரை நேராக நிரப்பி, மீன்களை விட்டேன். தொட்டி அன்றுபோல் அழகாக ஒருநாளும் இருந்ததில்லை. மாலையில் மீன்கள் மேற்பரப்பில் வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. காலையில் பதினான்கு மீன்களுள் பதினொன்று இறந்து கிடந்தன.

மகள் எழுமுன் அவற்றை அகற்றினேன். "கங்கையில் கொண்டு விட்டுவிட்டேன் அம்மா" என்று பொய் சொன்னேன். குழந்தைகளிடம் பொய் நிற்குமா? குப்பைக் கூடையில் அவள் கண்டுவிட்டாள். அழவில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்டாள்: "தண்ணி சுத்தமாத்தானே இருந்துச்சு, அப்பா? அப்புறம் ஏன் செத்துப் போச்சு?"

அவளுக்கு அன்று ஆறு வயது. அந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை. பொய் சொன்ன வெட்கத்தினும், விடை தெரியாத வெட்கமே பெரிதாயிருந்தது. அன்று தொடங்கி நான் படித்ததும், கேட்டதும், கண்டதும் எல்லாம் அந்தக் கேள்விக்கு விடை தேடியதேயாகும்.

விடை இதுதான். தெளிந்த நீர் வேறு. உயிருள்ள நீர் வேறு. தெளிவு கண்ணுக்குத் தெரியும், உயிர் தெரியாது.

மீன் உண்கின்றது; கழிக்கின்றது. அதன் கழிவிலிருந்தும், செவுள்களின் வழியாகவும் அம்மோனியா என்னும் நச்சுப் பொருள் நீரிற் கலக்கின்றது. ஆற்றிலும் குளத்திலும் அது பரந்து கரைந்து போகும். நூறு லிட்டர் நீரில் அது எங்கே போகும்? இயற்கை அதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றது. கல்லிலும் மணலிலும் வடிகட்டியின் பஞ்சிலும் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் குடியேறுகின்றன. ஒரு வகை நுண்ணுயிர் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றது. மற்றொரு வகை, நச்சான அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றது. நைட்ரேட்டு மீனுக்குப் பெரும் தீங்கு செய்வதில்லை. செடிக்கோ அது உணவு. இந்த நுண்ணுயிர்கள் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். நான் 'அழுக்கு' என்று தேய்த்துப் போக்கிய பழுப்பு நிறமே அந்தக் குடியிருப்பு. போதாக்குறைக்கு, கிருமி நீக்குவதற்காகக் குழாய் நீரிற் கலந்திருந்த குளோரின் மீன்களின் செவுள்களைப் புண்ணாக்கியிருந்தது. காவலரையும் விரட்டிவிட்டு, நஞ்சையும் நானே ஊற்றினேன்.

மகளுக்கு இதை அவளுக்கு விளங்கும் மொழியில் சொல்லி, பொய் சொன்னதற்காக மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன். "அப்படின்னா இனிமே தண்ணிய நாம சுத்தம் பண்ண வேண்டாம், வேற யாராவது பண்ணட்டும்" என்றாள். அந்த 'வேற யாராவது' யார் என்று தேடியபோதுதான் செடிகள் வந்தன.

செடிகளின் இந்தத் தொண்டு ஒரு நூற்றாண்டில் திடீரென்று கண்டறியப்பட்டதன்று. 1771இல் இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி என்பார், மெழுகுவத்தி எரிந்து கெட்டுப்போன காற்றுள்ள கலத்தில் புதினாத் தண்டு ஒன்றை வைத்து, சில நாட்களில் அந்தக் காற்றில் மீண்டும் மெழுகுவத்தி எரியக் கண்டார். 1779இல் யான் இங்கென்ஹவுஸ் என்னும் மருத்துவர் இலைகளை நீரில் அமிழ்த்தி வெயிலில் வைத்து, அவற்றிலிருந்து குமிழிகள் எழுவதையும், இருளில் அவை எழாமையையும் காட்டினார். அக்குமிழிகள் பிராணவாயுவே. நம் வீட்டுத் தொட்டியில் நண்பகலில் இலை நுனிகளிலிருந்து முத்துக் கோத்தாற்போல் எழும் குமிழிகளைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்த மருத்துவர் நினைவு வரும்.

1850இல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியலார், இரண்டு சிறு தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியையும் ஒரு கண்ணாடிக் கலத்தில் இட்டு ஆராய்ந்த செய்தியை வேதியியல் சங்கத்தாருக்கு அறிவித்தார். முதலில் செடியின் அழுகிய இலைகள் நீரைக் கலக்கின. அவர் குளத்து நத்தைகளைச் சேர்த்தார், நத்தைகள் அழுகிய இலைகளைத் தின்றன, நத்தைகளின் முட்டைகள் மீனுக்கு இரையாயின, நீர் தெளிந்தது. மீன், செடி, நத்தை என்னும் மூன்றும் ஒன்றையொன்று தாங்கின. தேய்ப்பவர் எவருமில்லை. நான் நூற்றைம்பது ஆண்டுகள் பிந்திப் பிழை செய்தவன் என்பதை அதைப் படித்தபோது உணர்ந்தேன்.

எனவே 1999இன் இறுதியில் மீண்டும் தொடங்கினேன். இம்முறை செடியில் தொடங்கினேன். பிற்காலத்தில் அமெரிக்காவைச் சேர்ந்த டயானா வால்ஸ்டாட் என்னும் அம்மையார், அதே 1999இல் வெளியிட்ட நூலொன்றில் விரித்துரைத்த முறையை அறிந்து, தொட்டியைப் புதிதாக அமைத்தேன். சலித்த தோட்டத்து மண் ஓர் அங்குலம். அது கலங்காதிருக்க மேலே பருமணல் ஓர் அங்குலம். மண் செடிக்கு உணவு. மணல் மண்ணுக்கு மூடி. செடிகள் அம்மோனியாவையே நேராக உறிஞ்சிக் கொள்வன என்பதை அந்நூல் வலியுறுத்துகின்றது. ஆகவே செடி அடர்ந்த தொட்டியில் நச்சுக்குத் தங்க இடமில்லை.

இனி, என் வாழ்வில் நான் மறவாத ஒரு நிகழ்ச்சி. 2004இல் நாங்கள் இதே காலனியில் ஒரு கட்டடத்திலிருந்து மற்றொன்றுக்குக் குடிபெயர்ந்தோம். பழைய வீட்டில் வந்தது மாநகராட்சியின் ஆற்று நீர். புதிய வீட்டிலோ ஆழ்துளைக் கிணற்று நீர். உப்பும் இரும்பும் மிகுந்தது. தொட்டியைக் கவனமாக மாற்றி வைத்தேன். பத்து நாட்களுள் கிரிப்டோகொரைன் என்னும் செடிகளின் இலைகள் யாவும் கூழாகிக் கரைந்தன. ஐந்தாண்டுகள் வளர்த்த செடிகள்! இந்தச் செடியின் இனம் நம்மவர்க்கு அயலதன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளிலும் இலங்கையிலும் தானே வளர்வது; நாட்டு மருந்துக் கடைகளில் 'நாட்டு அதிவிடயம்' என்று விற்கும் கிழங்கு இவ்வினத்தைச் சேர்ந்ததே.

"என்னங்க, எல்லாம் போயிடுச்சு, பிடுங்கிப் போட்டுட்டு வேற வாங்கி வைங்க" என்றாள் என் மனைவி. ஞாயிறன்று சந்தைக்குச் சென்றேன். எனக்கு வழக்கமாகச் செடி தரும் முதியவர், என் கையிலிருந்த காசை வாங்க மறுத்துவிட்டார். "தாதா, இலைதான் போயிற்று, வேர் போகவில்லை. அதற்கு இந்தத் தண்ணீர் புதிது. வேரைத் தொடாதீர்கள்; ஒரு மாதம் கழித்து வாருங்கள்" என்றார். 'தாதா' என்றால் வங்காளத்தில் அண்ணன் என்று பொருள், அஞ்ச வேண்டியதில்லை.

அவர் சொன்னவாறே செய்தேன். வெறும் மணலைப் பார்த்துக்கொண்டு ஐந்து வாரம் இருந்தோம். ஆறாம் வாரத்தில் மணலிலிருந்து ஊசிபோல் ஒரு தளிர் வந்தது, பின் இன்னொன்று. வந்த இலை பழைய இலையைப் போல் இல்லை. சற்றே குறுகி, நிறம் மாறி, புதிய நீருக்கேற்ற இலையாய் வந்தது. நீரின் தன்மையோ ஒளியோ வெப்பமோ திடீரென மாறினால் இந்தச் செடி பழைய இலைகளை விட்டுவிடும். கிழங்கில் வைத்திருக்கும் சேமிப்பைக் கொண்டு புதியன விடும். அறியாதவன் அதனை இறந்ததென்று பிடுங்கி எறிகின்றான்.

ஊர்விட்டு வந்தவர்களாகிய நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமோ? வந்த புதிதில் நம் பிள்ளைகள் வாடியதையும், நாமே வாடியதையும் எண்ணிப் பாருங்கள். அடுத்த ஆண்டு புதிதாய் மாற்றலாகி வரும் குடும்பத்தாரிடம், அந்தச் செடிக்காரர் எனக்குச் சொன்னதையே நாமும் சொல்வோமாக.

சொல்ல வேண்டிய மற்றொன்று, 2020ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் வந்த ஆம்பன் புயலைப் பற்றியது. அந்த இரவை இங்குள்ள எவரும் மறந்திரார். எங்கள் கட்டடத்தில் நான்கு நாட்கள் மின்சாரம் இல்லை. காற்றுக் குமிழிப் பொறி நின்றது, வடிகட்டி நின்றது, விளக்கும் இல்லை. செடிகள் பகலில் பிராணவாயுவைத் தருமெனினும், இருளில் நம்மைப் போலவே அதனை உட்கொள்ளும். ஆகவே செடி அடர்ந்த தொட்டிக்கும் இரவு ஆபத்தே. பகலில் சன்னல் வெளிச்சம் படுமாறு திரையை விலக்கினோம். இரவில் என் மனைவியும் நானும் மாறி மாறி விழித்திருந்து, குவளையால் நீரை முகந்து ஓரடி உயரத்திலிருந்து ஊற்றினோம். விழும் நீர் காற்றைக் கலந்துகொள்ளும். உணவு இடுவதை நிறுத்தினோம். நான்காம் நாள் மின்சாரம் வந்தது. ஒரு மீனும் மாளவில்லை. மீன்கள் குறைவாகவும் செடிகள் மிகுதியாகவும் இருந்தமையே காரணம். அன்று தொட்டியில் மீன்கள் இருமடங்கு இருந்திருப்பின் குவளை காத்திராது. மின்சாரம் மீண்டவுடன் வடிகட்டியை அப்படியே இயக்காமல், உள்ளே தேங்கிக் கெட்டிருந்த நீரைக் கொட்டி, தொட்டி நீரிலேயே பஞ்சை அலசிய பின்னர் இயக்கினேன். 1999இன் பாடம் அப்போது உதவிற்று.

இளைஞர்கள் சிலர், ஜப்பானியரான தகாஷி அமானோவின் தொட்டிகளைப் படங்களிற் கண்டு, "அப்படிச் செய்ய முடியுமா, மாமா?" என்று கேட்கின்றனர். 2015இல் மறைந்த அப்பெருமகனார் ஒளிப்படக் கலைஞர். காட்டையும் மலையையும் நீருக்குள் அமைத்துக் காட்டியவர். அதே 2015இல் லிஸ்பன் நகரில் 40 மீட்டர் நீளமுள்ள தொட்டியொன்றை அமைத்தார். அந்தக் கலைக்கு என் வணக்கம். ஆயினும் போட்டிக்கென அமைக்கும் தொட்டிகள் பல, படம் எடுத்தவுடன் கலைக்கப்படுகின்றன. நான் பேசுவது கலைக்கப்படாத தொட்டியைப் பற்றி. 2011இல் எங்கள் தொட்டியின் மூலையில் கசிவு ஏற்பட்டுக் கண்ணாடி முழுவதையும் மாற்ற வேண்டியதாயிற்று. மண்ணும் மணலும் வேரும் இரண்டு நாள் வாளிகளில் நீரோடு இருந்து திரும்பின. கண்ணாடி புதிது; குடும்பம் பழையது.

தொடங்க விரும்புவோர்க்குச் சில சொற்கள். தொட்டி சிறிதாயின் எளிது என்று எண்ணாதீர்கள். சிறு நீர் விரைவிற் கெடும். நீர் நிறைந்த மூன்றடித் தொட்டி, மணலும் கண்ணாடியும் சேர 130 கிலோவுக்குக் குறையாது. உறுதியான தாங்கி வேண்டும். நேர் வெயில் படும் சன்னல் ஆகாது, பாசி மூடிவிடும். இன்று கிடைக்கும் எல்.இ.டி. விளக்கு நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் போதும். முதற்செடிகளாக வாலிஸ்னேரியா, கிரிப்டோகொரைன், ஜாவாப் பாசி ஆகியவற்றை வையுங்கள். ஜாவாப் பெரணி என்னும் செடியின் கிழங்கை மணலிற் புதைத்தால் அழுகும். கல்லிலோ கட்டையிலோ நூலாற் கட்டுக. கரியமில வாயுவைக் குப்பியிலிருந்து செலுத்தும் கருவிகள் உண்டு. மேற்சொன்ன செடிகளுக்கு அவை தேவையில்லை.

செடி வைத்து ஒரு மாதமேனும் மீனின்றிக் காத்திருங்கள். பின்னர் ஐந்தாறு சிறு மீன்கள். இரண்டு வாரம் கழித்து இன்னும் சில. வாரந்தோறும் நாலில் ஒரு பங்கு நீரை மாற்றுக; முழுவதையும் ஒருநாளும் மாற்றாதீர். குழாய் நீரில் குளோரினைப் போக்க, பழைய ஒளிப்படக்காரர்கள் 'ஹைப்போ' என்று வழங்கிய சோடியம் தயோசல்பேட்டே கடைகளில் கரைசலாக விற்கின்றது, பயன்படுத்துக. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே உணவிடுக. கல்கத்தாவின் சனவரி இரவுகளில் வெப்பம் 12, 13 பாகைக்கு இறங்கும். அப்போது ஒரு சிறு நீர்ச்சூடாக்கி வேண்டும்.

மீன்களை அயல்நாடுகளில் தேட வேண்டியதில்லை என்பதையும் சொல்ல விரும்புகின்றேன். பிரான்சிஸ் ஹாமில்டன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர், 1800இல் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், மலையாள நாடுகளைச் சுற்றி எழுதியவர். பின்னர் இந்நகர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பிலும் இருந்தவர். அவர் கங்கையாற்று மீன்களைப் பற்றி 1822இல் வெளியிட்ட நூலில் விவரித்த சிறு மீன்களுள் ஒன்றுதான் வரிக்குதிரை மீன். இங்கு ஓடைகளிலும் வயல்களிலும் திரிந்த இவ்வங்குல மீனை, 1970களிலிருந்து அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் மரபியல் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார். 2013இல் அதன் மரபுத் தொகுதி வெளியானபோது, மனிதனின் மரபணுக்களுள் ஏறத்தாழ 70 சதவீதத்திற்கு ஒத்த மரபணு அதில் உண்டென்று தெரிந்தது. ஹாமில்டன் அதே நூலில் விவரித்த தேன்நிறக் கௌராமியும் நம் தொட்டியில் இருக்கின்றது. ஆண் மீன் உமிழ்நீர்க் குமிழிகளாற் கூடு கட்டி, முட்டைகளைத் தானே காக்கும். தந்தையர் கவனிக்க.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. 1999இல் நான் சொன்ன பொய்யைச் சிலர் மெய்யாகவே செய்கின்றனர். வேண்டாத மீனை ஆற்றிலோ ஏரியிலோ கொண்டு விடுகின்றனர். அதனைப் புண்ணியம் என்றும் நினைக்கின்றனர். கண்ணாடியைத் துப்புரவு செய்யும் என்று விரலளவில் விற்கப்படும் தென்னமெரிக்கச் சப்புவாய்க் கெளுத்தி, ஓரடிக்கு மேல் வளரும். அப்படி விடப்பட்டவை இன்று நம் நாட்டு நீர்நிலைகள் பலவற்றிற் பெருகிவிட்டன; தமிழ்நாட்டிலும் உண்டு; நம் நகருக்குக் கிழக்கேயுள்ள சதுப்பு நிலத்து மீன்பண்ணைகளிலும் உண்டு. அவை கரைகளைக் குடைகின்றன. நாட்டு மீன்களின் இடத்தைப் பிடிக்கின்றன.

அந்தக் கிழக்குச் சதுப்பு நிலம் யாது? ஏறத்தாழ 12,500 எக்டேர் பரப்பில், இந்நகரின் கழிவு நீரைச் சூரிய ஒளியும் பாசியும் நுண்ணுயிரும் கொண்டு தூய்மையாக்கி, அதிலேயே மீனும் காய்கறியும் விளைவிக்கும் இடம். 2018இல் மறைந்த பொறியாளர் துருவஜோதி கோஷ் அதன் அருமையை உலகறியச் செய்தார்; 2002இல் அது ராம்சர் ஒப்பந்தப் பட்டியலில் இடம் பெற்றது. எங்கள் கூடத்தில் நூறு லிட்டரில் நடப்பது, நகரின் கிழக்கே ஊரளவில் நடக்கின்றது. ஒன்றைக் கண்டவன் மற்றதன் மதிப்பை அறிவான். ஆகவே வேண்டாத மீனைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். அல்லது என்னிடம் கொடுங்கள். கிள்ளிய செடியையும் சாக்கடையில் விடாதீர். உலர்த்திக் குப்பையிற் சேருங்கள்.

அதேபோல், காட்டு ஓடைகளிலிருந்து பிடித்து வரும் மீன்களை ஆராயாமல் வாங்காதீர்கள். 'மிஸ் கேரளா' என்று புகழ்பெற்ற செவ்வரி மீனை, 1865இல் பிரான்சிஸ் டே என்பார் அந்நாள் சென்னை ஆளுநர் டெனிசனின் பெயரால் உலகுக்கு அறிவித்தார். மேற்குத் தொடர்ச்சி மலையாறுகளில் மட்டுமே வாழும் அதனை, ஏற்றுமதிக்காக அள்ளி அள்ளியே அழிவின் விளிம்பிற்குக் கொண்டு வந்துவிட்டோம். பண்ணையிற் பிறந்ததா என்று கேட்டு வாங்குவது நம் கடமை.

பணி ஓய்வு பெற்றபின் என்னைப் பலரும் கேட்பதுண்டு: "ஊருக்குத் திரும்பினால் தொட்டியை என்ன செய்வீர்கள்?" முன்பெல்லாம் இந்தக் கேள்வி என்னை உறுத்தும். நூறு லிட்டர் நீரையும் வேரையும் புகைவண்டியில் ஏற்ற முடியுமா? இப்போது உறுத்துவதில்லை. வாலிஸ்னேரியா கொடிவிட்டுக் கன்று ஈனும். ஆண்டுதோறும் அந்தக் கன்றுகளைக் கேட்டவர்க்கெல்லாம் கொடுத்து வந்தேன். இந்தக் காலனியில் ஏழு வீடுகளில் இன்று அந்தச் செடியின் பிள்ளைகள் வளர்கின்றன. என் மகளும், அவள் பணிபுரியும் ஊருக்கு, ஈரத்தாளில் சுற்றிக் கொண்டு சென்றாள். போன திங்களில் தொலைபேசியில், "இலையெல்லாம் கரஞ்சு போச்சு, அப்பா" என்றாள். நான் வாயெடுக்குமுன், "தெரியும், வேரைத் தொட மாட்டேன்" என்று அவளே சொன்னாள்.

ஆறு வயதில் அவள் கேட்ட கேள்விக்கு, அவளே விடையாகிவிட்டாள் என்று மகிழ்ந்தேன்.

செடி வேண்டும் குழந்தைகள் ஞாயிறு காலை எங்கள் வீட்டிற்கு வாருங்கள். ஒரு சிறு வாளி கொண்டு வாருங்கள். மீன் மட்டும் அன்று கேட்காதீர்கள். அதற்கு நாற்பது நாள் கழித்து வாருங்கள். அந்த நாற்பது நாள் காத்திருந்தவர்க்கு மீன் என் அன்பளிப்பு.